ஜி6பிடி நொதி: அதைத் தேடும் ஆய்வக எதிர்ப்பொருளும் தொப்புள்கொடி இரத்தச் சோதனையும்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் செய்யப்படும் முதல் சோதனைகளில் ஒன்று ‘ஜி6பிடி’. அதன் முடிவு குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டில் குறிக்கப்படுகிறது. தடுப்பூசித் தேதிகளைத் தவறாமல் பார்க்கும் பெற்றோர்கூட இந்த ஒரு வரியைப் படிக்காமல் விட்டுவிடுவதுண்டு. ‘குறைபாடு’ என்று எழுதியிருந்தால் அது ஆயுள் முழுவதும் அந்தப் பிள்ளையுடன் இருக்கும் செய்தி.

ஜி6பிடி என்பது மனித உடலில் சர்க்கரையைக் கையாளும் ஒரு நொதி, அதாவது என்சைம். அது இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகங்களில் ஒரு முறையும், அது வேலை செய்கிறதா என்று பார்க்க மருத்துவமனைகளில் வேறொரு முறையும் இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்தால், கையில் கிடைக்கும் முடிவுத்தாளின் பொருளும் தெளிவாகும்.

சிவப்பணுவின் காவல்

ஜி6பிடியின் முழுப்பெயர் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸ். இது 515 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். இதன் எடை சுமார் 59 கிலோடால்டன். இரண்டு அல்லது நான்கு புரதங்கள் ஒன்றாகச் சேர்ந்தால்தான் இது வேலை செய்யும்.

உயிரணுவுக்குள் நுழையும் குளுக்கோஸ் பெரும்பாலும் சக்திக்காகச் செலவாகிறது. அதில் ஒரு பகுதி வேறொரு பாதையில் திரும்புகிறது. அந்தப் பாதையின் முதல் படியை நடத்துவது ஜி6பிடி. அங்கே என்ஏடிபிஎச் என்ற பொருள் உருவாகிறது. குளூட்டாதயோன் என்ற காப்புப் பொருளை மீண்டும் மீண்டும் புதுப்பிக்க இது தேவை. இரும்பு துருப்பிடிப்பது போல இரத்தச் சிவப்பணுவும் ஆக்சிஜனேற்றத்தால் கெடக்கூடும். அதைத் தடுப்பது குளூட்டாதயோன்.

உடலின் மற்ற உயிரணுக்களுக்கு என்ஏடிபிஎச் கிடைக்க வேறு வழிகளும் உண்டு. சிவப்பணுவுக்கு உட்கருவும் இல்லை, மைட்டோகாண்டிரியாவும் இல்லை. அதற்கு ஜி6பிடி ஒன்றே வழி. புதிய நொதியைச் செய்துகொள்ளவும் அதனால் முடியாது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். பிறக்கும்போது கொண்டுவந்த நொதியை வைத்தே அது அத்தனை நாளும் ஓட்ட வேண்டும்.

நொதி குறைவாக உள்ளவர்கள் சாதாரண நாள்களில் நலமாகவே இருப்பார்கள். சில மருந்து, சில உணவு, கடுமையான காய்ச்சல் ஆகியவற்றின்போது சிவப்பணுக்கள் திடீரென்று உடையத் தொடங்கும். முகம் வெளிறும், கண் மஞ்சளாகும், மூச்சு வாங்கும், சிறுநீர் கோப்பி ஓ நிறத்தில் போகும். பச்சிளங்குழந்தைக்கு மஞ்சள் காமாலை வேகமாக ஏறும். மஞ்சள் நிறம் தரும் பிலிருபின் அளவு கடந்து மூளைக்குள் புகுந்தால் கெர்னிக்டெரஸ் என்ற நிலை ஏற்படும். செவிட்டுத்தன்மை, கைகால் கட்டுப்பாடின்மை போன்ற நிரந்தரப் பாதிப்புகளும் உயிரிழப்பும் அதன் விளைவுகள்.

மலேரியாவோடு வந்த உறவு

இந்தக் குறைபாடு வெளிப்பட்டது மலேரியா மருந்தால். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதற்குப் பின்னரும் பிரைமாகுவின் வகை மாத்திரை உண்டவர்களில் ஒரு சிலருக்கு மட்டும் இரத்தம் உடைந்து சிறுநீர் கறுத்தது. ஏன் சிலருக்கு மட்டும் என்ற கேள்விக்கு, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஸ்டேட்வில் சிறைக் கைதிகளிடம் நடந்த ஆய்வுகள் வழியாக விடை தேடினார்கள். 1956இல் பால் கார்சனும் அவருடைய குழுவினரும் அவர்களுடைய சிவப்பணுக்களில் ஜி6பிடி குறைவாக இருப்பதைக் கண்டறிந்தார்கள்.

உலகில் 40 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இந்தக் குறைபாடு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. ஆப்பிரிக்கா, மத்தியதரைக்கடல் நாடுகள், இந்தியா, தென்கிழக்காசியா என மலேரியா நெடுங்காலம் ஆட்டிப்படைத்த நிலப்பகுதிகளில்தான் இது அதிகம். நொதி குறைந்த சிவப்பணுவில் மலேரியாக் கிருமி நன்றாக வளர்வதில்லை. ஆகவே, குறைபாடு உள்ளவர்கள் மலேரியாவில் ஓரளவு தப்பினார்கள், அவர்களுடைய மரபணு தலைமுறை தாண்டி நிலைத்தது.

இந்நாட்டுத் தோட்டங்களுக்கும் இதில் தொடர்பு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டை அழித்து ரப்பர் நட்ட இடங்களில் மலேரியா தோட்டத் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போனது. கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் 1901இல் தொடங்கிய சதுப்பு வடிகால் பணி, கொசுவை ஒழித்து நோயைக் கட்டுப்படுத்தலாம் என்று காட்டியது. இன்று தோட்டங்களில் அந்தப் பழைய மலேரியா இல்லை. மரபணு மட்டும் பேரன் பேத்திகளிடம் இருக்கிறது.

சிங்கப்பூரில் 1960களில் பச்சிளங்குழந்தைகளின் கெர்னிக்டெரஸுக்கும் ஜி6பிடி குறைபாட்டுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் குழந்தை மருத்துவப் பேராசிரியர் வோங் ஹோக் பூன். 1965 முதல் அங்கே பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தச் சோதனை செய்யப்படுகிறது. அதன் பின் கெர்னிக்டெரஸ் அங்கே அரிதாகிப்போனது.

எதிர்ப்பொருள் என்றால் என்ன?

கோவிட்-19 காலத்தில் ‘ஆன்டிபாடி’ என்ற சொல் எல்லோர் காதிலும் விழுந்தது. உடலுக்குள் அந்நியப் பொருள் புகுந்தால் அதைப் பிடிப்பதற்கு உடல் உருவாக்கும் புரதமே அது. தமிழில் எதிர்ப்பொருள். ஒவ்வோர் எதிர்ப்பொருளும் தனக்குப் பொருந்தும் வடிவத்தை மட்டுமே பற்றிக்கொள்ளும்.

இந்தக் குணத்தை ஆய்வகங்கள் கருவியாக்கிக்கொண்டன. வீட்டில் மூக்குச்சளி எடுத்துச் செய்த ஏஆர்டி சோதனைப் பட்டையில் கோடு விழுந்தது, அதில் ஒட்டப்பட்டிருந்த எதிர்ப்பொருள் கிருமியின் புரதத்தைப் பிடித்ததால். மருந்துக்கடையில் வாங்கும் கர்ப்பச் சோதனைப் பட்டையும் எதிர்ப்பொருளை வைத்துத்தான் ஹார்மோனைக் கண்டுபிடிக்கிறது.

மனிதனின் ஜி6பிடியைக் கண்டறியும் எதிர்ப்பொருளும் அப்படிப்பட்டதே. தூய்மையாக்கிய மனித ஜி6பிடியை, அல்லது அதன் ஒரு சிறு துண்டை, முயலுக்கோ எலிக்கோ ஊசிவழி செலுத்துவார்கள். விலங்கின் உடல் அதை அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருள் செய்யும். முயலின் இரத்தத்திலிருந்து நேராகப் பிரித்தெடுப்பது பலவகைக் கலவை. அதிலுள்ள எதிர்ப்பொருள்கள் ஒரே புரதத்தின் வெவ்வேறு இடங்களைப் பிடிக்கும்.

ஒரே வகை எதிர்ப்பொருளை மட்டும் தொடர்ந்து செய்யும் வழியை 1975இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜஸ் கோலர், சீசர் மில்ஸ்டீன் இருவரும் கண்டறிந்தார்கள். எதிர்ப்பொருள் செய்யும் எலியின் உயிரணுவை, ஓயாமல் பெருகும் புற்றுநோய் உயிரணுவுடன் இணைத்தார்கள். அந்தக் கலப்பு உயிரணு சாகாமல் ஒரே எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டே இருக்கும். இந்தக் கண்டுபிடிப்புக்காக 1984இல் நீல்ஸ் ஜெர்னேயுடன் சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இப்போது எதிர்ப்பொருளின் மரபணுவையே எடுத்து, விலங்கின்றி உயிரணுக்களில் வளர்க்கும் முறையும் பரவிவிட்டது.

ஆய்வகத்தில் நடப்பது

இந்த எதிர்ப்பொருள் சிறு குப்பியில் வருகிறது. சில துளிகளே இருக்கும். பொதுவாக மைனஸ் 20 பாகை செல்சியஸில் வைக்கப்படும். ஒரு பங்கை ஆயிரம் பங்கு கரைசலில் கலந்து பயன்படுத்துவது வழக்கமான அளவுகளில் ஒன்று.

அதிகம் பயன்படும் முறைக்கு வெஸ்டர்ன் பிளாட் என்று பெயர். முதலில் உயிரணுக்களைக் கரைத்துப் புரதங்களை வெளியே எடுப்பார்கள். சவர்க்காரம் போன்ற ஒரு வேதிப்பொருளுடன் அவற்றைச் சூடாக்கி, மெல்லிய ஜெல் பாளத்தில் ஏற்றி மின்சாரம் பாய்ச்சுவார்கள். சிறிய புரதம் வேகமாக ஓடும், பெரியது பின்தங்கும். இப்படி எடை வாரியாகப் பிரிந்த புரதங்களைத் தாள் போன்ற ஒரு சவ்வுக்கு மாற்றுவார்கள். எதிர்ப்பொருள் கண்ட இடத்தில் ஒட்டாமல் இருக்க, பல ஆய்வகங்களில் அந்தச் சவ்வை முதலில் கொழுப்பு நீக்கிய பால்மாவுக் கரைசலில் ஊறவைக்கிறார்கள். பிறகு ஜி6பிடி எதிர்ப்பொருளை ஊற்றிக் குளிரில் ஓர் இரவு வைப்பார்கள். மறுநாள் கழுவிவிட்டு, ஒளி தரும் பொருள் இணைத்த இரண்டாவது எதிர்ப்பொருளைச் சேர்ப்பார்கள். முதலாவது முயலில் செய்தது என்றால், முயலின் எதிர்ப்பொருளைப் பிடிக்கும்படி ஆட்டில் செய்ததாக இரண்டாவது இருக்கும்.

முடிவில் 59 கிலோடால்டன் அருகே ஒரு கோடு தெரிந்தால் ஜி6பிடி இருக்கிறது என்று பொருள். கோடு தடித்திருந்தால் அதிகம், மங்கியிருந்தால் குறைவு. சில புற்றுநோய்களில் இந்த நொதி கூடுதலாக இருப்பதால், கட்டியிலிருந்து சீவிய மெல்லிய திசுவில் இதே எதிர்ப்பொருளைக் கொண்டு நிறமேற்றி நுண்நோக்கியில் பார்ப்பதும் உண்டு.

குப்பியின் மேல் எழுதியிருக்கும் பெயரை மட்டும் நம்பி ஆய்வாளர்கள் முடிவு எழுதுவதில்லை. ஜி6பிடிக்கு எச்6பிடி என்றொரு உறவுக்கார நொதி உண்டு. அது வேறு மரபணுவிலிருந்து வருவது, எடையும் கூடுதல். எதிர்ப்பொருள் தவறி அதைப் பிடித்தால் முடிவு குழம்பும். ஆகவே, ஜி6பிடி மரபணுவை நீக்கிய உயிரணுக்களையும் பக்கத்திலேயே வைத்துச் சோதிப்பார்கள். அங்கே கோடு விழக்கூடாது. விழுந்தால் எதிர்ப்பொருள் வேறு எதையோ பிடிக்கிறது என்று அர்த்தம். எல்லா வரிசையிலும் புரதம் சம அளவில் ஏற்றப்பட்டதா என்பதற்கும் தனிச் சரிபார்ப்பு உண்டு.

இத்தகைய குப்பிகளில் பெரும்பாலானவற்றில் ‘ஆய்வுக்கு மட்டும்’ என்று அச்சிட்டிருக்கும். நோயாளிக்கு முடிவு சொல்ல அவை அனுமதிக்கப்பட்டவை அல்ல.

குழந்தைக்கு ஏன் எதிர்ப்பொருள் சோதனை செய்வதில்லை?

எதிர்ப்பொருள் ஒரு புரதம் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். அது வேலை செய்கிறதா என்று சொல்லாது. தொழிற்சாலை வாசலில் வருகைப் பதிவேட்டைப் பார்த்து யார் வந்தார்கள் என்று அறியலாம். உள்ளே எவ்வளவு வேலை நடந்தது என்று அதில் தெரியாது.

ஜி6பிடி மரபணுவில் நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் அறியப்பட்டுள்ளன. மலாய்க்காரர்களிடம் வியாங்சான், சீனர்களிடம் கேன்டன், காய்பிங், இந்தியர்களிடம் மெடிட்டரேனியன், கேரளா-கல்யாண், ஒரிசா ஆகிய வகைகள் அதிகம். சில வகைகளில் புரதம் சீக்கிரம் சிதைந்து அளவு குறையும். சில வகைகளில் புரதம் இருக்கும், வேலைதான் மந்தமாக நடக்கும். எதிர்ப்பொருள் கோடு காட்டிவிட்டதே என்று குழந்தையை நார்மல் என எழுதினால் ஆபத்து.

ஆகவே, மருத்துவமனை நொதியின் வேலையையே சோதிக்கிறது. பரவலான முறை 1960களில் எர்னஸ்ட் பியூட்லர் உருவாக்கிய ஒளிர்புள்ளிச் சோதனை. குழந்தையின் இரத்தத் துளியை நொதிக்குத் தேவையான மூலப்பொருள்களுடன் கலந்து, வடிதாளில் ஒரு புள்ளியாக வைத்து, புறஊதா விளக்கின் கீழ் பார்ப்பார்கள். நொதி வேலை செய்திருந்தால் என்ஏடிபிஎச் உருவாகிப் புள்ளி ஒளிரும். ஒளிராவிட்டால் குறைபாடு. செலவு குறைவு, நேரமும் குறைவு. துல்லியமான எண் வேண்டுமென்றால் 340 நானோமீட்டர் ஒளியில் என்ஏடிபிஎச் உருவாகும் வேகத்தை அளக்கும் சோதனை இருக்கிறது.

‘நார்மல்’ என்று வந்தும் தவறலாம்

ஒளிர்புள்ளிச் சோதனைக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. முதலாவது, பெண் குழந்தைகள். ஜி6பிடி மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்றில் குறை இருந்தால் அவளுடைய சிவப்பணுக்களில் ஒரு பகுதி நல்லதாகவும் மறுபகுதி குறையுள்ளதாகவும் கலந்திருக்கும். புள்ளி ஓரளவு ஒளிர்ந்துவிடும், முடிவு நார்மல் என்று வந்துவிடலாம். குடும்பத்தில் யாருக்காவது குறைபாடு இருந்தால், பெண் பிள்ளைக்கு அளவு காட்டும் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்வது நல்லது.

இரண்டாவது, சோதனை செய்யும் நேரம். இரத்தம் உடைந்த சில நாள்களில் பழைய சிவப்பணுக்கள் அழிந்து, புதியவை மட்டும் மிஞ்சும். புதிய அணுவில் நொதி அதிகம். அப்போது சோதித்தால் குறைபாடு உள்ளவருக்கும் நார்மல் என்று வரக்கூடும். இரத்தம் ஏற்றியிருந்தாலும் கொடுத்தவரின் அணுக்கள் முடிவை மாற்றும். சந்தேகம் இருந்தால் சுமார் 3 மாதம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும்.

குடும்பத்தில் யாருக்கு வரும்?

ஆணுக்கு ஒரே எக்ஸ், அதுவும் தாயிடமிருந்து வருவது. குறை மரபணுவைச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தாய்மாமன்களில் யாருக்காவது இந்தக் குறைபாடு இருந்தால் பிள்ளைக்கும் இருக்கலாம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். குறைபாடுள்ள தந்தையிடமிருந்து மகனுக்கு இது போகாது. மகள்கள் அனைவரும் மரபணுவைச் சுமப்பார்கள்.

குறைபாடுள்ள ஆண், மரபணுவைச் சுமக்கும் உறவுப் பெண்ணை மணந்தால் அவர்களுக்குப் பிறக்கும் மகளுக்கு இரண்டு எக்ஸிலும் குறை இருக்கப் பாதி வாய்ப்பு உண்டு. அத்தகைய பெண்ணுக்கு ஆண்களைப் போலவே முழுக் குறைபாடு இருக்கும். மாமன் மகள், அக்காள் மகள் உறவில் திருமணம் நடக்கும் குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும். யாரும் தெரிந்து கொடுப்பதில்லை. இதற்காகத் தாயைக் குறைசொல்வதில் பொருளில்லை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

அந்துருண்டை: மலாயில் உபாட் கெகாட் எனப்படும் நாப்தலின் உருண்டை மிகவும் ஆபத்தானது. அதை விழுங்க வேண்டியதில்லை, ஆவியை முகர்வதே போதும். மூத்த பிள்ளையின் துணிகளை அந்துருண்டை போட்ட அலமாரியிலிருந்து எடுத்துப் புதுக் குழந்தைக்கு உடுத்தக்கூடாது. வீட்டில் அதை வைக்காமலிருப்பதே பாதுகாப்பு.

மருதாணி: கைக்குழந்தையின் கையிலும் காலிலும் மருதாணி வைத்ததால் இரத்தம் உடைந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. குறைபாடுள்ள குழந்தைக்கு இனாய் வைக்கவே கூடாது.

சூடம்: அந்துருண்டையும் சூடமும் வேறு பொருள்கள். ஆனால் சூடமும் கைக்குழந்தைக்கு நஞ்சு, வலிப்பு வரக்கூடும். எண்ணெயில் சூடம் கலந்து குழந்தையின் நெஞ்சில் தேய்க்கும் பழக்கத்தை விட வேண்டும்.

உணவு: ஃபாவா பீன்ஸ் தவிர்க்கப்பட வேண்டும். கச்சாங் பாராங் என்ற பெயரிலும் வறுத்து விற்கிறார்கள். கச்சாங் பூத்தே கலவையிலும் அது சேர்ந்திருக்கலாம், கேட்டு வாங்குவது நல்லது. தாய்ப்பால் கொடுக்கும் தாயும் தவிர்க்க வேண்டும். பருப்பு, பயற்றங்காய், கடலை ஆகியவை ஃபாவா பீன்ஸ் அல்ல.

மருந்து: மலேரியாவுக்குத் தரும் பிரைமாகுவின், டாஃபெனோகுவின், தொழுநோய்க்கான டாப்சோன், சிறுநீர்க் கிருமித் தொற்றுக்கான நைட்ரோஃபுரான்டாயின், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் ராஸ்பூரிகேஸ், மெத்திலின் நீலம் ஆகியவை முக்கியமானவை. காய்ச்சலுக்குத் தரும் பாராசிட்டமோல் சரியான அளவில் பொதுவாகப் பாதுகாப்பானது. கிளினிக்கிலும் மருந்துக்கடையிலும் ‘ஜி6பிடி குறைபாடு’ என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மஞ்சள் காமாலை: பிறந்த முதல் இரண்டு வாரம் கண்ணும் தோலும் பகல் வெளிச்சத்தில் பார்க்கப்பட வேண்டும். தாதியர் வீட்டுக்கு வரும்போது குழந்தையை நன்றாகக் காட்ட வேண்டும். மஞ்சள் வயிறு, கால் என்று இறங்கினாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலை வெயிலில் காட்டுவது சிகிச்சை ஆகாது. மருத்துவமனையின் நீல ஒளிச் சிகிச்சை, தேவைப்பட்டால் இரத்த மாற்று, இவையே மூளையைக் காக்கும்.

பெரியவர்களுக்கும் ஒரு சேதி

நீரிழிவு உள்ளவர்களுக்குக் கடந்த 3 மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை வழக்கமாகச் செய்யப்படுகிறது. சிவப்பணுவில் சர்க்கரை எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதே அந்தக் கணக்கு. ஜி6பிடி குறைபாட்டில் சிவப்பணுவின் ஆயுள் குறையலாம். ஆயுள் குறைந்தால் ஒட்டும் சர்க்கரையும் குறையும். சர்க்கரை உண்மையில் ஏறியிருந்தும் அறிக்கை நன்றாக இருப்பதுபோல் காட்டக்கூடும். விரலில் குத்திப் பார்க்கும் அளவுக்கும் எச்பிஏ1சி அளவுக்கும் பொருத்தமில்லாமல் இருந்தால், குறைபாட்டை மருத்துவரிடம் நினைவுபடுத்த வேண்டும்.

இந்தச் சோதனை வருவதற்கு முன் பிறந்த தாத்தா, பாட்டிமார் பலருக்குத் தங்கள் நிலை தெரியாது. பேரனுக்குக் குறைபாடு என்று தெரிந்தால், தாய்வழி உறவினர்களும் ஒருமுறை இரத்தம் கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால், வேறு ஊரில் எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் காட்ட முடியும்.